டென்னிஸ் வீரராக இருந்து விளையாட்டு உளவியலாளர் ஆனவர் யாராவது உண்டா?

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அமெரிக்காவின் ஆலன் ஃபாக்ஸ். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூசிஎல்ஏ) இயற்பியல் படித்தவர். 1961இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான ஒற்றையர் பட்டத்தை வென்றார்; நாடுகளுக்கிடையேயான டேவிஸ் கோப்பையில் ஆடினார்; 1965இல் விம்பிள்டன் காலிறுதி வரை போனார். பிறகு அதே பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வு மாணவராக இருந்தபோதே, 1966இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலிய நட்சத்திர வீரர் ராய் எமர்சனை வீழ்த்தினார். படிப்பையும் ஆட்டத்தையும் இந்த உயரத்தில் ஒருசேரச் சுமந்தவர்கள் மிக அரிது. பின்னர் பெப்பர்டைன் பல்கலைக்கழகப் பயிற்சியாளரானார். பின்னாளில் முன்னணி வீரரான பிராட் கில்பர்ட் அவரிடம் பயின்றவர்.

அவர் விளக்கங்களில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்: களத்தில் கோபப்படுவது, சாக்குச் சொல்வது, பாதியிலேயே மனம் தளர்ந்து ஆடுவது எல்லாம் பதற்றத்திலிருந்து மனம் தப்பித்துக்கொள்ளும் வழிகள். கால்பந்துபோல நேரம் முடிந்ததும் டென்னிஸ் நின்றுவிடாது. முன்னிலையில் இருப்பவரும் கடைசிப் புள்ளியை வென்றே ஆக வேண்டும். அதனால்தான் 5-2 என்று முன்னிலை பெற்று, செட்டை வெல்ல இன்னும் ஒரே ஒரு கேம் தேவைப்படும் நிலையிலும் கை நடுங்குகிறது. பிள்ளைகளைத் திட்டும் பயிற்சியாளர்கள் இதை அவசியம் அறிய வேண்டும். ஃபாக்ஸ் தரும் தீர்வு, வெற்றி தோல்வியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே உணர்ச்சியை அடக்கி, அடுத்த புள்ளியை எப்படி ஆடுவது என்று திட்டமிடுவது.