ஊராட்சி காற்றாலை வாங்கலாமா?

கேள்வி: குடிநீர் மோட்டார்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் மின்கட்டணம் கட்டியே எங்கள் ஊராட்சியின் நிதி கரைகிறது. ஓடந்துறையைப் போல நாங்களும் காற்றாலை வாங்கலாமா? (ஊராட்சிச் செயலர் ஒருவர், திருப்பூர் மாவட்டம்)

பதில்: வாங்கலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை, 2006-இல் ஏறத்தாழ 1 கோடியே 55 லட்சம் ரூபாய் செலவில் உடுமலை அருகே மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலையை நிறுவியபோது, அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். அதற்கு முன்பே, 1996 முதல் பத்தாண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில், மரக்கழிவிலிருந்து எடுத்த வாயுவால் குடிநீர் மோட்டாரை ஓட்டியும் சூரிய ஒளித் தெருவிளக்குகளை அமைத்தும் அந்த ஊராட்சி மின்செலவைக் குறைக்கப் பழகியிருந்தது. எல்லோரும் காற்றாலையைத்தான் பார்க்கிறார்கள். என் பார்வையில், அதற்கு முந்தைய இந்தப் பழக்கமே பெரிய பாடம்.

ஆகவே, ஒவ்வொரு மின் இணைப்புக்கும் கடந்த 12 மாத யூனிட் கணக்கைத் தனித்தனியே எழுதுங்கள். தெருவிளக்கில் செய்ய வேண்டியது எளிது: 40 வாட் குழல்விளக்கு சோக்கோடு சேர்ந்து 50 வாட்டுக்கு மேல் இழுக்கும் இடத்தில், 20 வாட் எல்.இ.டி. போதும். மோட்டாருக்குத்தான் அதிகக் கவனம் தேவை. 10 குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு 6 மணி நேரம் ஓடினால் சுமார் 50 யூனிட் செலவாகும். பலமுறை ரீவைண்டிங் செய்த மோட்டாரும், கசியும் குழாயும், தொட்டி நிரம்பி வழிந்த பின்னும் நிறுத்தப்படாத சுவிட்சும் அதை இன்னும் கூட்டும்.

இவற்றைச் சரிசெய்த பிறகு, நீரேற்றும் நேரத்தைப் பகலுக்கு மாற்றுங்கள். மேல்நிலைத் தொட்டியே உங்கள் பேட்டரி. வெயிலில் ஏற்றிய நீர் மறுநாள் காலைவரை அங்கே காத்திருக்கும். சுமார் 1,000 சதுர அடி நிழல் விழாத கூரையில் 10 கிலோவாட் சூரியத்தகடு அமைத்தால், நம் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரியாக 40 யூனிட் கிடைக்கும். பேட்டரி இல்லாமல் மின்கட்டமைப்போடு இணைத்த அமைப்பு, மின்தடையின்போது தானும் நின்றுவிடும் என்பதை முன்பே வார்டு மக்களிடம் சொல்லிவிடுங்கள். மிச்சமாகும் மின்சாரத்துக்கு என்ன விலை, எந்த முறையில் கணக்கு என்பதை ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன் மின்வாரியத்திடம் எழுத்திலேயே பெறுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

காற்றாலை இதற்குப் பிறகுதான். ஓடந்துறையின் காற்றாலை ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தருவதாகவும், ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட் என்றும் கணக்கு. யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 470 டன் கரியமில வாயு தவிர்க்கப்படுகிறது. ஓர் ஊராட்சிக்கு இது பெரும் சாதனை. ஆனால் காற்று ஆண்டு முழுதும் ஒரே சீராக வீசாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வரும் மே முதல் செப்டம்பர் வரைதான் உற்பத்தி குவியும், கடன் தவணையோ மாதந்தோறும் வரும். காற்றில்லாத மாதங்களின் தவணையை உங்கள் சொந்த வருவாயிலிருந்து கட்ட முடியும் என்று வரவு செலவுக் கணக்கு காட்டினால், அன்று கிராம சபையில் தீர்மானத்தை வையுங்கள்.