டயர் மாட்டுகிற கைகள்

கேள்வி: ஆசிரியர் ஐயா, 2024 பெல்ஜியம் கிராண்ட் பிரீ போர்முலா வன் கார்ப் பந்தயத்தில் ஜோர்ஜ் ரசல் ஒரே ஒரு தடவை டயர் மாற்றிவிட்டு முதலாவதாக வந்தார். ஒன்றரைக் கிலோ எடை குறைவு என்று சொல்லி வெற்றியைப் பறித்துவிட்டார்கள். அநியாயம் இல்லையா? அதோடு, இப்போதெல்லாம் ஓட்டுகிறவரின் திறமையைவிட டயர் மாற்றுகிற இடமான பிட்டுக்குள் எப்போது வருவது என்ற கணக்குத்தான் ஜெயிக்கிறது. டயர் கழற்றி மாட்டுகிறவர்களா வெற்றியைத் தீர்மானிப்பது? பிட் ஸ்டொப்பையே நிறுத்திவிட்டால் உண்மையான வீரர் யாரென்று தெரிந்துவிடுமே?
— உயர்தர மாணவர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, உங்கள் கேள்வியின் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. பிட் கணக்கு வேண்டாம் என்கிறீர்கள். ஆனால் நீங்கள் வருத்தப்படுகிற அந்த வெற்றியே பிட் கணக்கால் வந்ததுதான்.

ரசல் அன்றைக்குப் புறப்பட்டது ஆறாவது இடத்திலிருந்து. பந்தயம் நடந்த ஸ்பா ஓடுதளத்தில் மொத்தம் 44 சுற்று. பத்தாவது சுற்றில் உள்ளே வந்து கடின டயர் போட்டுக்கொண்டார். முன்னணியில் இருந்த மற்றவர்கள் இரண்டாவது தடவையும் உள்ளே போய் வந்தார்கள். இவர் போகவில்லை, அதே டயரில் மிச்சம் 34 சுற்றையும் ஓட்டினார். ஒரு தடவையோடு முடித்துக்கொள்ளலாமா என்ற பேச்சை ரேடியோவில் எடுத்ததும் அவர்தான். கடைசிச் சுற்றுகளில் அவருடைய அணியைச் சேர்ந்த ஹமில்டன் புதுசான டயரோடு முதுகில் ஒட்டிக்கொண்டு வந்தார். கோட்டைக் கடக்கும்போது இருவருக்கும் இடையில் ஏறக்குறைய அரை விநாடி. தேய்ந்த டயரில் அந்த அரை விநாடியைக் காப்பாற்றியது ரசலின் கை. அந்த இடத்துக்கு அவரைக் கொண்டுவந்து விட்டது, இன்னொரு தடவை நிற்க வேண்டாம் என்ற முடிவு. நிற்காமல் போவதும் பிட் கணக்கில்தான் சேர்த்தி.

இனி எடைக்கு வருகிறேன். போட்டி முடிந்து முதலில் எடை பார்த்தபோது கார் 798 கிலோ இருந்தது. அன்றைய விதிப்படி இருக்கவேண்டிய ஆகக்குறைந்த எடை அதுவே. ஓட்டுநர் அந்தக் கணக்கில் உண்டு, எரிபொருள் இல்லை. தாங்கியில் கிடந்த 2.8 லீற்றரை வடித்துவிட்டு மறுபடி எடை பார்த்தபோது 796.5. எதனால் குறைந்தது? ஒரே டயரில் 34 சுற்று ஓடினால் ரப்பர் தேய்கிறது, தேய்கிற ரப்பருக்கும் எடை இருக்கிறது. மற்ற ஓடுதளங்களில் கொடி விழுந்த பிறகு ஒரு சுற்று மெதுவாக வந்து, தரையில் சிதறிக் கிடக்கும் ரப்பர் துணுக்குகளை டயரில் ஒட்டவைத்துக்கொள்வார்கள். ஸ்பாவில் அப்படி முழுச் சுற்று வருவதில்லை. கொஞ்ச தூரத்திலேயே திரும்பி உள்ளே வந்துவிடுகிறார்கள். எடை குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று பேசப்பட்டது. அப்படியென்றால், வெற்றியைக் கொடுத்த அதே முடிவுதான் அதைத் திருப்பி வாங்கவும் கைகொடுத்திருக்கிறது.

தராசு என்றதும் உங்களுக்குக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. நானும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான். நாளெல்லாம் மழையில் நின்று எடுத்த கொழுந்தை மடுவத்தில் நிறுக்கும்போது, சாக்குக்கென்று இவ்வளவு, தண்ணீருக்கென்று இவ்வளவு என்று கழித்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அம்மாவின் முகம் எனக்கு மறக்காது. முள்ளு எங்கே நிற்கிறது என்று எட்டிப் பார்க்கக்கூட விடமாட்டார்கள். ஸ்பாவில் நடந்தது அது இல்லை. காரை இரண்டு தராசில் நிறுத்தார்கள். இரண்டு தராசும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்தார்கள். சோதிக்கும்போது அணியின் ஆட்களே பக்கத்தில் நின்று பார்த்தார்கள். தவறு தங்களுடையது என்று ரசலின் மெர்சிடிஸ் அணி ஒப்புக்கொண்டது. ஹமில்டன் முதலாவது, பியாஸ்ட்ரி இரண்டாவது, லெக்லேர் மூன்றாவது என்று முடிவு மாறியது. ரசலுக்காக எனக்கும் மனசு கனத்தது. ஆனால் ஒன்றரைக் கிலோவைச் சின்ன விஷயம் என்று சொல்ல, தராசில் ஏமாந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு வாய் வராது. அநியாயம் நடக்கவில்லை.

சரி, பிட் ஸ்டொப்பை நிறுத்திவிடலாம் என்கிறீர்களே, அதில் பாதியை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 2005ஆம் ஆண்டு விதிப்படி, தகுதிச் சுற்றுக்கும் போட்டிக்கும் சேர்த்து ஒரே செட் டயர். எரிபொருள் நிரப்ப நிற்கலாம். டயர் பழுதானால் ஒழிய மாற்றக்கூடாது. என்ன நடந்தது தெரியுமா? ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் கிமி ரைக்கனன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிரேக் பூட்டி, முன் டயரில் ஒரு இடம் தட்டையாகத் தேய்ந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் சக்கரம் அதிர்ந்தது. இன்றைய விதி இருந்திருந்தால் உள்ளே வந்து இருபது சொச்சம் விநாடியைக் கொடுத்துவிட்டுப் பத்திரமாகப் போயிருப்பார். அன்றைக்கு அணி அவரை அப்படியே ஓடவிட்டது. கடைசிச் சுற்றின் முதல் வளைவுக்கு வரும்போது அதிர்வு தாங்காமல், சக்கரத்தைப் பிடித்திருக்கிற சஸ்பென்ஷன் உடைந்து, சக்கரம் ஆட்டம் கண்டு, கார் ஓடுதளத்தை விட்டுப் பறந்தது. உயிருக்கு ஆபத்தில்லாமல் போனது பெரிய விஷயம். வெற்றி அலொன்சோவுக்கு.

அதே ஆண்டு யூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். சாய்வாகக் கட்டப்பட்ட 13ஆவது வளைவில் மிஷ்லின் டயர்கள் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமையே ரால்ப் ஷூமாக்கர் மோதிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த டயர் போட்டிருந்த 14 கார்களும் ஆயத்தச் சுற்றோடு கராஜுக்குத் திரும்பிவிட்டன. பிரிஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறே ஆறு கார்கள் ஓடின. பார்க்க வந்தவர்கள் கூச்சல் போட்டார்கள், போத்தல்களை வீசினார்கள். கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தது அந்தப் போட்டியில்தான். போர்முலா வன்னில் அவர் எடுத்த புள்ளிகளே அவ்வளவுதான். அவரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் ஓடினார், முடித்தார். ஆனால் நீங்கள் தேடுகிற ‘உண்மையான வீரர்’ யார் என்று அந்த ஆறு கார்களை வைத்து எப்படிச் சொல்வது? 2006இல் டயர் மாற்றலாம் என்ற விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஓட்டுநர் மட்டும், வண்டி மட்டும் என்று பார்க்க ஆசையா? அதற்கு நம் நுவரெலியாவே இருக்கிறது. மகாகஸ்தோட்டையிலும் ரதல்லவிலும் நடக்கிற மலையேற்றப் போட்டிகளில் ஒவ்வொரு வண்டியும் தனியாக ஏறும், கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். அழகான போட்டி. நான் இன்னும் போய் நின்று பார்க்கிறேன். கிராண்ட் பிரீ வேறு சாதி. மொனாக்கோவைத் தவிர்த்தால் குறைந்தது 305 கிலோமீற்றர். நீங்கள் ஹட்டனில் இருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அவ்வளவு ஆகாது. அந்தத் தூரத்தை அந்த வேகத்தில் ஓடினால் டயர் சாகும். எப்போது சாகவிடுவது, எப்போது மாற்றுவது என்பதை ஓட்டத்திலிருந்து பிரித்தெடுக்கவே முடியாது.

கணக்குப் போட்டால் திறமை மறைந்துவிடும் என்கிறீர்கள். நேர்மாறு. 1998 ஹங்கேரியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்வரிசையில் இரண்டு மக்லாரன், அவற்றுக்குப் பின்னால் மூன்றாவதாக மைக்கல் ஷூமாக்கரின் பெராரி. முந்த இடம் கிடைக்காத ஓடுதளம். மக்லாரன்காரர்கள் இரண்டு தடவை நிற்கப் போகிறார்கள். பெராரியின் தொழில்நுட்ப இயக்குநர் ரொஸ் பிரோன் நடுவில் திட்டத்தை மாற்றி மூன்று தடவை என்றார். கூடுதலாக நிற்கிற நேரத்தை ஓட்டத்தில்தான் மீட்க வேண்டும். மாற்றிவிட்டு ஷூமாக்கரிடம் சொன்னது இதுதான்: உனக்கு 19 சுற்று இருக்கிறது, அதற்குள் 25 விநாடி இடைவெளி வேண்டும். கணக்கை எழுதுவது சுலபம். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றேகால் விநாடிக்கு மேல் பிடுங்க வேண்டும், 19 தடவை, ஒரு தடவையும் தவறாமல். ஒரு முறை புல்லுக்குள் போய்த் திரும்பியும் ஷூமாக்கர் அதைச் செய்து ஜெயித்தார். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் மூன்றாவதாகவே வரிசையில் போயிருப்பார். அவருக்குள் அப்படி ஒரு ஓட்டம் இருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது. 2019இல் அதே ஹங்கேரியில் 48ஆவது சுற்றில் ஹமில்டனை இரண்டாவது தடவையாக உள்ளே அழைத்தார்கள். வெர்ஸ்டாப்பனுக்கு ஏறக்குறைய இருபது விநாடி பின்னால் வந்து விழுந்தார். துரத்தித் துரத்தி 67ஆவது சுற்றில் முந்தினார். மொத்தம் 70 சுற்று. எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை ஆறரைக்குத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவர்கள் யாரும் அன்றைக்குத் தேநீருக்குக்கூட எழும்பவில்லை.

ஒரு இடத்தில் நீங்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறேன். நிற்கத்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்திப் போட்டியைச் சுவாரசியமாக்கப் பார்ப்பது எனக்கும் பிடிக்கவில்லை. 2025 மொனாக்கோவில் குறைந்தது மூன்று செட் டயர், அதாவது கட்டாயம் இரண்டு தடவை நில் என்றார்கள். சில அணிகள் ஒரு காரை வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பின்னால் வருகிறவர்களை அடைத்து வைத்து, தங்கள் அடுத்த காருக்கு இடைவெளி எடுத்துக் கொடுத்தன. அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. டயர் கேட்கும்போது நிற்பது வேறு, விதி கேட்கும்போது நிற்பது வேறு.

ஆனால் உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது இதெல்லாம் இல்லை. ‘டயர் கழற்றி மாட்டுகிறவர்களா தீர்மானிப்பது?’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. ஆமாம் தம்பி, அவர்களும்தான் தீர்மானிக்கிறார்கள். ஒரு சக்கரத்துக்கு மூன்று பேர்: நட்டைக் கழற்றிப் பூட்ட ஒருவர், பழையதை இழுக்க ஒருவர், புதியதை வைக்க ஒருவர். ஜாக்கிக்காரர்களையும் சேர்த்தால் இருபது பேர் வரை. 2023 கட்டாரில் லாண்டோ நொரிஸின் காருக்கு மக்லாரன் அணி நான்கு சக்கரமும் மாற்றி முடிக்க எடுத்தது 1.80 விநாடி. அவர்கள் பெயர் முடிவுப் பட்டியலில் வராது. 2021 மொனாக்கோவில் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த போட்டாஸ் உள்ளே வந்தபோது, நட்டைக் கழற்றுகிற துப்பாக்கி நட்டின் மேல் ஒரு துளி கோணலாக உட்கார்ந்தது. நட்டின் பற்கள் வழித்துப் போய்விட்டன. சக்கரம் வரவே இல்லை; அவருடைய போட்டி அங்கேயே முடிந்தது. தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான், இரண்டு நாள் கழித்து அதைக் கழற்ற முடிந்தது. அவ்வளவு நுணுக்கமான வேலை அது.

பல வருடங்களுக்கு முன்னால் நுவரெலியாவில் இருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிய லொறியில் கம்பளைக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். இறம்பொடைக்குக் கொஞ்சம் மேலே பின் டயர் போய்விட்டது. தூறல், பனி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கிளீனர் பையனுக்கு இருபது வயது இருக்கும். முதலில் இரண்டு கல்லைத் தேடி முன் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தான். லொறியைத் தூக்கும் முன்பே நட்டுகளை இளக்கினான். கழற்றிய நட்டுகள் சரிவில் உருண்டுவிடாமல், சேறு படாமல், தன் தொப்பியைக் கவிழ்த்து அதற்குள் போட்டுக்கொண்டான். பூட்டும்போது வரிசையாகப் பூட்டவில்லை. ஒன்றைப் பூட்டினால் அடுத்தது அதற்கு நேரெதிரில் உள்ளது. லொறியை இறக்கியதும் கம்பியின் மேல் ஏறி நின்று எல்லாவற்றையும் இன்னொரு தடவை இறுக்கினான். எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. சாரதி இறங்கி வந்து பார்க்கவில்லை. “சரியாடா?” என்றார். “சரிண்ணே” என்றான் அவன். அவ்வளவுதான், நாலு தொன் மரக்கறியோடு இறம்பொடை வளைவுகளில் லொறியை இறக்கினார்.