அம்மாவின் கையும் பட்டு இழையும்

கேள்வி: வேதியியலில் முதுகலை படித்து, ஆறு வருடம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். இப்போது பட்டு நாரில் சுவரில் தொங்கவிடும் படைப்புகள் செய்கிறேன். வெப்பநிலை, நேரம், சாய அளவு என எல்லாவற்றையும் நோட்டில் குறித்துவைப்பேன். 'படித்த படிப்பு வீண்' என்கிறார் அப்பா. பட்டுப்புழுக் கூடுகளைச் சோடாவில் வேகவைத்து அலசித் தருவது அம்மாதான். அவருக்குக் கை வெடித்திருப்பதால் வேலை தாமதமாகிறது. கண்காட்சிக்கு இரண்டு மாதமே இருக்கிறது. நான் விஞ்ஞானியா, கலைஞரா? அப்பாவுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: விஞ்ஞானியா, கலைஞரா என்பதை ஒதுக்கிவையுங்கள். இதே கேள்வியோடு எத்தனையோ கடிதங்கள் பார்த்துவிட்டேன். 'கை வெடித்திருப்பதால் வேலை தாமதமாகிறது' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அம்மாவின் கை வெடித்ததில் உங்களுக்குத் தெரிந்தது தாமதம் மட்டும்தானா?

கூட்டின் இழையில் ஏறக்குறைய கால் பங்கு செரிசின் என்ற பசை. அது கரைந்தால்தான் உள்ளிருக்கும் ஃபைப்ராயின் என்ற பட்டுப் புரதம் மினுங்கும். அந்தப் பசையைக் கரைக்கத்தான் சோடாவின் காரம். காரம் மிஞ்சினால் இழையே நைந்துவிடும் என்பதால் அளந்து போடுகிறீர்கள். இழையும் புரதம், அம்மாவின் தோலும் புரதம். முன்னதற்கு இவ்வளவு கவனம், பின்னதற்கு ஒன்றுமில்லை. அந்த நோட்டைப் புரட்டுங்கள். அம்மாவின் கை எத்தனை மணி நேரம் காரத் தண்ணீரில் கிடந்தது என்று ஒரு வரியாவது இருக்கிறதா? ஆய்வுக்கூடத்தில் கையுறை இல்லாமல் நீங்கள் காரத்தைத் தொட்டிருப்பீர்களா?

அப்பா சொன்னது சுடுசொல்தான். ஆனால் பிள்ளை படித்தால் பெற்றவள் உடம்பு கொஞ்சமாவது நோகாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவள் நான். அந்த அளவில் உங்கள் படிப்பு வீணாகத்தான் போயிருக்கிறது.

நாளை முதல் அம்மா அந்தப் பாத்திரத்தைத் தொடக் கூடாது. அவரைத் தோல் மருத்துவரிடம் நீங்களே கூட்டிப் போங்கள். கூடுகளை நீங்கள் வேகவையுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. அழுத்தக் கலனில் 120 டிகிரி வெந்நீர் சோடா இல்லாமலே பசையை எடுக்கும். எவ்வளவு நேரம் என்பதைச் சோதித்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். கண்காட்சியில் இரண்டு படைப்பு குறைந்தால் குறையட்டும். வைப்பவற்றின் கீழே உங்கள் பெயரோடு அம்மாவின் பெயரும் இருக்கட்டும். அப்பாவை அங்கே கூட்டிப் போய் அதை வாசிக்கச் சொல்லுங்கள்.