சில இடங்களுக்கு மட்டும் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்கு எந்தச் சிகிச்சை?

களியக்காவிளையிலிருந்து கேட்டிருக்கும் நண்பர், தம் தந்தையின் புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்பில் இரண்டு இடங்களில் பரவியிருப்பதாகவும், ஹார்மோன் ஊசி மட்டும் போதுமா, கதிர்வீச்சோ அறுவையோ வேண்டுமா என்றும் வினவியுள்ளார். நான் மருத்துவன் அல்லன். என் பெரிய மாமாவை மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று, இதே கேள்விகளைக் கேட்டும் படித்தும் அறிந்தவன்.

இது புதிதாகக் கண்டறிந்த நோயா, புராஸ்டேட்டுக்குச் சிகிச்சை முடிந்தபின் திரும்பியதா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சான்றுகள் வெவ்வேறு.

புதியதெனில், புற்றுநோயை வளர்க்கும் ஆண் ஹார்மோனைக் குறைப்பதே அடித்தளம். ஊசியை மட்டும் போட்டு நிறுத்தாமல், உடல்நிலை இடங்கொடுத்தால் அந்த ஹார்மோனை மேலும் கட்டுப்படுத்தும் அபிராடெரோன், என்சாலுடமைடு போன்ற மாத்திரைகளில் ஒன்றையும் இன்று சேர்க்கிறார்கள். அதோடு புராஸ்டேட்டுக்குக் கதிர்வீச்சுத் தருவதற்கு வலுவான ஆதாரம், 2018இல் வெளிவந்த ஸ்டாம்பீட் ஆய்வு. அதில் பங்கேற்ற 2061 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் பரவல் குறைவாக இருந்தவர்களில், மூன்றாண்டு கழித்து உயிருடன் இருந்தோர் கதிர்வீச்சு பெறாதவர்களில் 73 சதவீதம், பெற்றவர்களில் 81 சதவீதம். உள்ளுறுப்புகளுக்குப் போகாமல் எலும்பில் மூன்று இடங்கள் வரை இருந்தால் அது குறைந்த பரவலே. அந்தக் கணக்கு பழைய எலும்பு ஸ்கேனையும் சிடி ஸ்கேனையும் வைத்துப் போடப்பட்டது. புராஸ்டேட் புற்றுச் செல்களைத் தேடிக் காட்டும் புதிய பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேன் மிகச் சிறிய புள்ளிகளையும் காட்டிவிடும் என்பதால், அதில் எண்ணிக்கை கூடியதைக் கண்டு கதிர்வீச்சுக்கு வழியில்லை என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். அந்த ஆய்வில் வாரம் ஒருமுறை வீதம் ஆறு வாரமும், தினசரி வீதம் நான்கு வாரத்தில் இருபது முறையும் என இரு முறைகள் இருந்தன. கேரள எல்லை தாண்டிப் பேருந்தில் போய்வரும் நம்மவர்களுக்கு இது சிறிய விஷயமன்று, கேட்டுப் பாருங்கள்.

உறவினர்கள் "அறுத்து எறிந்துவிடலாமே" என்பார்கள். பரவிய நோயில் புராஸ்டேட்டை அகற்றுவதற்குக் கதிர்வீச்சுக்கு உள்ள அளவு சான்று இல்லை. கீமோவின் பலனும் பரவல் மிகுந்தவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது.

நோய் திரும்பியதெனில், பரவிய புள்ளிகளை மட்டும் குறிவைக்கும் கதிர்வீச்சு பேச்சில் வரும். 2020இல் வெளியான ஓரியோல் ஆய்வில், அதைப் பெற்றவர்களில் 19 சதவீதத்தினருக்கும், பெறாமல் கண்காணிக்கப்பட்டவர்களில் 61 சதவீதத்தினருக்கும் ஆறு மாதத்தில் நோய் முன்னேறியது. பங்கேற்றோர் 54 பேர்தான். ஆயுள் கூடுமா என்பதற்கு அது விடையாகாது. ஆகவே, ஹார்மோன் சிகிச்சையைத் தள்ளிப்போட உதவும் வழியாகவே அதைக் கருதுகிறேன்.

வாழ்நாள் முழுதும் ஊசி என்ற செலவு தாங்காதெனில், விரைகளை அகற்றும் சிறு அறுவையும் ஹார்மோனை அதே அளவுக்குக் குறைக்கும். ஆனால் பின்னர் மாற்ற முடியாது. மருத்துவர் விளக்கியபின் மாமா அதையே தேர்ந்தெடுத்தார், மாமிக்குத்தான் மனம் ஒப்பவில்லை. எதைத் தேர்ந்தாலும் எலும்புத் தேய்வு, சர்க்கரை, இதயம் ஆகியவற்றைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். அபிராடெரோன் எடுத்தால் இரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் கல்லீரலையும் சேர்த்து.