காலண்டரைப் பாத்து ஏமாறாதீங்க

கேள்வி: மோண்ட்ரியன்னு ஒரு டச்சு ஓவியரோட படம் ஒண்ணு காலண்டர்ல பாத்தேன் சார். நாலு கறுப்பு கோடு, ஒரு செவப்பு கட்டம், ஒரு நீலக் கட்டம், மிச்சம் வெள்ளை. என் பையன் கம்ப்யூட்டர்ல அஞ்சே நிமிஷத்துல அதே மாதிரி போட்டுட்டான். இதுல ஓவியரோட கை எங்க இருக்கு?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்க பையன் காப்பி அடிச்சது மோண்ட்ரியனை இல்லம்மா, காலண்டரை. அச்சுக்குப் போனா எல்லாமே வழவழன்னு ஆயிடும். அவர் 1920கள்ல போட்ட படங்களை மியூசியம் சைட்ல நல்லா பெரிசாக்கிப் பாருங்க (நானும் அப்டித்தான் பாத்தேன், நேர்ல பாக்க இன்னும் கொடுத்து வைக்கல), ஒரு வெள்ளை கட்டத்துல பிரஷ் மேலருந்து கீழ போயிருக்கும், பக்கத்துலயே இன்னொண்ணுல குறுக்கால போயிருக்கும், ஒரு வெள்ளை லேசா நீலம் அடிக்கும் இன்னொண்ணு சாம்பலா இருக்கும், சில படத்துல கறுப்பு கோடு ஓரம் வரைக்கும் போகாம ஒரு நூல் முன்னாடியே நின்னுடும். கை தவறி இல்ல, வேணும்னே நிறுத்துனது.

1940ல நியூயார்க் போனப்புறம் கலர் டேப்பை கேன்வாஸ்ல ஒட்டி, பிச்சு, தள்ளி ஒட்டின்னு வேலை பாத்திருக்காரு. 1944 பிப்ரவரில அவர் செத்தப்போ 'விக்டரி பூகி வூகி'ங்கிற படம் முடியல, அந்த டேப்பும் பேப்பர் துண்டும் இன்னமும் அதுமேலயே இருக்கு. நெதர்லாந்துல டென் ஹாக் மியூசியத்துல வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்ல அழிச்சா தடயமே இருக்காது, இங்க மனுஷன் மனசு மாத்துனது அப்டியே ஒட்டிக்கிட்டு நிக்குது.

கேள்வி: அப்போ கோடு கோணலா போனாதான் கலையா?
- வாசகர், திருச்சி

பதில்: குசும்புதானே! ஆக்னஸ் மார்ட்டின்னு ஒரு அம்மா, கனடால பொறந்து அமெரிக்கால வரைஞ்சவங்க. ஆறடிக்கு ஆறடி கேன்வாஸ், ஸ்கேல் வெச்சு பென்சில் கோடு, வேற ஒண்ணும் பெரிசா கிடையாது. ஸ்கேல் என்னவோ நேராத்தான் இருந்துச்சு, ஆனா துணியோட நெசவு மேடு பள்ளம் ஆச்சே, பென்சில் அதுல ஏறி இறங்கி ஒரு எடத்துல அழுந்தும், ஒரு எடத்துல விட்டுப் போகும். தூரத்துலருந்து பாத்தா வெறும் பனிமூட்டம், கிட்டப் போனாதான் ஒவ்வொரு கோடும் தனித்தனியா தெரியும். எண்பது வயசு தாண்டினதும் அந்தப் பெரிய கேன்வாஸைத் தூக்க முடியலன்னு அஞ்சடியா கொறைச்சுக்கிட்டாங்க. கோணல் எங்கயும் இல்ல, கை இருக்கு.