நடுவானில் இயந்திரம் பழுதானால் விமானிகள் என்ன செய்வார்கள்?

முதல் வேலை பழுதைச் சரிசெய்வது அல்ல, விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது. ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டுவார். மற்றவர் பழுதுக்குரிய சரிபார்ப்புப் பட்டியலை வாய்விட்டுப் படித்துச் செயல்படுத்துவார். ஓர் என்ஜினை நிறுத்துவதென்றால், கை வைத்திருப்பது சரியான விசையில்தானா என்று இருவரும் பார்த்து உறுதி சொன்ன பிறகே நிறுத்துவார்கள். பதற்றத்தில் நல்ல என்ஜினை நிறுத்திவிட்ட விபத்துகள் கற்றுத்தந்த பாடம் இது.

2010 நவம்பர் 4 அன்று சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் நான்கு என்ஜின் கொண்ட ஏ380 விமானத்தைப் பாருங்கள். கிளம்பிய சில நிமிடங்களில் இரண்டாம் என்ஜின் வெடித்தது. சிதறிய துண்டுகள் இறக்கையைத் துளைத்து, மின்கம்பிகளை அறுத்தன. திரையில் எச்சரிக்கைகள் ஐம்பதுக்கும் மேல் வந்து குவிந்தன.

கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி உடனே தரையிறங்க முயலவில்லை. வானில் வட்டமிட்டபடியே ஏறக்குறைய 50 நிமிடங்கள் ஒவ்வொரு எச்சரிக்கையாகக் குழு கையாண்டது. ஒரு கட்டத்தில் அவர் கேள்வியையே திருப்பிப் போட்டார்: எது கெட்டது என்பதை விடுங்கள், எது இன்னும் வேலை செய்கிறது? என்னைப் பொறுத்தவரை அன்றைய மிகச் சிறந்த முடிவு அதுதான்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கே திரும்பி இறங்கிய பிறகும் ஆபத்து தீரவில்லை. எரிபொருள் ஒழுகியது, பிரேக்குகள் கொதித்தன, முதல் என்ஜின் நிற்க மறுத்தது. அவசரச் சறுக்குப் பாதைகளைத் திறந்தால் பயணிகள் அதே எரிபொருளில்தான் இறங்க வேண்டும். ஆகவே தீயணைப்பு வீரர்கள் நுரை பீய்ச்சும்வரை எல்லோரையும் உள்ளேயே அமர வைத்து, பின்னர் படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 469 பேரில் ஒருவருக்கும் காயமில்லை.