பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: அரசுப் பள்ளியில் கட்டணமே கிடையாது. அப்புறமும் "வசதி இல்லை" என்று பெண்ணை மட்டும் நிறுத்துகிறார்களே, சாக்குதானே?

பதில்: சாக்கு இல்லை. சீருடை, நோட்டு, பஸ் செலவு எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு அவளுடைய உழைப்பு. தண்ணீர் எடுப்பது, சமைப்பது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவள்தான். அவள் பள்ளிக்குக் கிளம்பினால் அம்மா வீட்டில் இருக்க வேண்டும், அம்மாவின் கூலி போய்விடும்.

அந்தக் குடும்பத்தோடு பேசப் போனால், அவள் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்யும் வேலைகளை நேரம் போட்டு எழுதுங்கள். பள்ளி நேரத்தோடு மோதுவது எது என்று பாருங்கள். பெரும்பாலும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் வேலையாகத்தான் இருக்கும். அதற்கு வழி செய்யாமல் "பெண் படிக்கணும்" என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் 2005 வாக்கில் தொடங்கிய 'பிரைட்' பள்ளிகளில் இதை யோசித்தே பள்ளிக்குப் பக்கத்தில் குழந்தைகள் காப்பகம் வைத்தார்கள். கூடவே குடிநீர், தனிக் கழிப்பறை, 90 சதவீத வருகை உள்ள பெண்களுக்கு வீட்டுக்கு எடுத்துப்போகத் தானியம்.

கேள்வி: தொடக்கப் பள்ளி வரை ஒழுங்காக வருபவர்கள் அதன்பிறகு ஏன் காணாமல் போகிறார்கள்?

பதில்: தூரமான பள்ளி, பருவம் எய்துவது, கல்யாணப் பேச்சு மூன்றும் ஒரே வயதில் வந்து சேர்கின்றன. இதில் வெளியிலிருந்து மாற்றக்கூடியது தூரம். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் ஊருக்குள்ளேயே பள்ளி வைத்தபோது ஆண், பெண் சேர்க்கை இடைவெளி ஏறக்குறைய மறைந்தது. பீகாரில் 2006 முதல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தந்தார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் சேர்க்கை நன்றாகக் கூடியது. ஒருத்தி தனியாக ஓட்டிப்போனால் ஊர் பேசும், பத்துப் பேர் சேர்ந்து போனால் அது வழக்கமாகிவிடும். அதனால் ஒரு தெருவில் ஒருத்திக்கு மட்டும் உதவாதீர்கள், வகுப்பு முழுவதற்கும் செய்யுங்கள்.

கேள்வி: உதவித்தொகை கொடுத்தால் போதாதா?

பதில்: எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். வங்கதேசம் 1994-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்த உயர்நிலைப் பள்ளி உதவித்தொகைக்கு மூன்று நிபந்தனைகள்: 75 சதவீத வருகை, 45 சதவீத மதிப்பெண், திருமணம் ஆகாமல் இருப்பது. மூன்றாவதுதான் கூர்மையானது, கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதே வீட்டுக்கு லாபமாகிறது. மெக்சிகோவில் 1997-இல் தொடங்கிய திட்டத்தில் நடுநிலைப் பள்ளியிலிருந்து பையன்களைவிடப் பெண்களுக்குத் தொகை அதிகமாக இருந்தது.

தவறு நடப்பது நேரத்தில். பணம் ஆண்டு நடுவில் வந்தால் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், சேர்க்கை சமயத்தில் கையில் ஒன்றும் இருக்காது. கொலம்பியாவின் பொகோட்டாவில் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, அடுத்த ஆண்டுச் சேர்க்கையின்போது கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி சேர்ந்தவர்கள் கூடினார்கள்.

கேள்வி: நாப்கின் கொடுத்தால் வருகை கூடுமா?

பதில்: அது மட்டும் போதாது. நேபாளத்தில் நாப்கினுக்குப் பதிலாக உடலுக்குள் வைத்துக்கொள்ளும் மாதவிடாய்க் கப் கொடுத்து ஆராய்ந்ததில் வருகை ஏறக்குறைய மாறவில்லை. கொடுக்க வேண்டியதுதான், ஆனால் கழிப்பறையையும் போய்ப் பாருங்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா, மூடியுள்ள குப்பைத்தொட்டி இருக்கிறதா, சாவி யாரிடம்? சாவி ஆண் ஆசிரியரின் மேசையில் இருந்தால் அவள் கேட்கவே மாட்டாள்.

கேள்வி: "அதிகம் படித்தால் வரன் அமையாது" என்கிற அப்பாவிடம் என்ன பேசுவது?

பதில்: உரிமை, சட்டம் என்று ஆரம்பித்தால் அங்கேயே பேச்சு முடிந்துவிடும். அவர் பயப்படுவது ஊர்ப்பேச்சுக்கு. பெண்ணைப் படிக்கவைத்த, அவர் மதிக்கிற ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். "பட்டம் வரை" என்று கேட்காமல் "இந்த ஒரு வருஷம்" என்று கேளுங்கள். அடுத்த வருஷம் மறுபடி போய்க் கேளுங்கள்.

கேள்வி: நிற்கப் போகிறாள் என்று முன்கூட்டியே தெரியுமா?

பதில்: வருகைப் பதிவேட்டில் தெரியும். வாராவாரம் அதே கிழமையில் விடுப்பு என்றால் வீட்டில் அன்று ஏதோ வேலை இருக்கிறது. நீண்ட விடுமுறைக்குப் பிறகு முதல் வாரம் வராதவள் வீட்டுக்கு இரண்டாம் வாரத்திலேயே போய்விடுங்கள், கூடுமானவரை ஓர் ஆசிரியையோடு.